மார்க் போடாத மூட்டை

பக்கத்துக் கடை அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு. பஸ் எட்டு மணிக்கு. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அவ்வளவு நல்லவள்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர்கள் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை மேஜையில் வைத்தால் இந்தப் பக்கம் என் காகிதக் கட்டு ஒரு குதி குதிக்கும். பதினோரு வருஷமாக அப்படித்தான். அண்ணன் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பின்கட்டில் துவைப்பாள்; குடியிருப்பும் அங்கேதான். அண்ணன் முன்னால் நின்று தேய்ப்பார். எந்தத் துணி எந்த வீடு என்பது மட்டும் அக்கா தலையில்தான் இருக்கும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு மார்க் போட்டிருப்பாள். டாக்டர் வீட்டுக்கு மூன்று கோடு, மாடி வீட்டுக்குப் பெருக்கல், டிரைவர் வீட்டுக்குக் கோழிக்கால். நோட்டுப் புத்தகம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. அண்ணன் துணியைத் தூக்கிக் காட்டுவார், அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்.

"இது யாருது?"

"என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு புள்ளி."

"பல் டாக்டர்."

"கஞ்சி?"

"வேணாம். அவருக்குக் கழுத்து அரிக்கும்."

சுவர் வழியாக நான் கேட்ட வரைக்கும் அந்தப் புருஷன் பொண்டாட்டி பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். சண்டை கிடையாது. ஆனால் சண்டை போடவும் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமே!

போன மாதம் அக்கா ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். அடையாள அட்டையை நீட்டி, ரெண்டு காப்பி வேண்டும், லாட்ஜில் கேட்கிறார்கள் என்றாள்.

"லாட்ஜா? எங்கக்கா?"

"கடற்கரைக்கு. நாலு நாள். நானும் அவரும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடை சேர்ந்தாற்போல ரெண்டு நாள் மூடிக் கிடந்ததில்லை.

"என்னக்கா திடீர்னு?"

"திடீர்னு எல்லாம் இல்லடி. நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து தண்ணியில நிக்கறேன். ஒரு தடவையாவது, துவைக்க ஒண்ணுமே இல்லாம தண்ணியில நிக்கணும். அவ்வளவுதான் ஆசை." சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஊறி ஊறி வெளுத்த விரல்கள். நான் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சும்மா தெரிந்திருக்கட்டும்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டு மூட்டையும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ரெண்டு பேரும் பேயாக உழைத்தார்கள். நீராவியில் சுவரே வியர்த்தது. அக்காவின் பெட்டியை அண்ணன்தான் அடுக்கினார். அவருக்குத் தெரிந்த அடுக்கல் ஒன்றே ஒன்றுதான். அக்காவின் நாலு புது உடுப்பையும் மடித்து, பழைய பேப்பரில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் நூல் போட்டு, கடை மூட்டை மாதிரியே கட்டினார். பொண்டாட்டி துணிக்கு மார்க் எதற்கு? அதில் மார்க் இல்லை.

"உங்க பையையும் கொடுங்க, நான் அடுக்கறேன்" என்றாள் அக்கா.

"வேணாம் வேணாம். ரெண்டு சட்டைக்கு என்ன அடுக்கறது? நானே பார்த்துக்கறேன்." அவர் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு, ஐயோ என்று ஒரு சத்தம். நான் கடை திறக்காமலே ஓடினேன். அண்ணன் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு மல்லாந்து கிடந்தார்.

"அசைய முடியல. இடுப்புல இருந்து மேல வரைக்கும் யாரோ ஆணி அடிச்ச மாதிரி."

அக்கா தலைவாரி, செருப்புப் போட்டு, ரெடியாக நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "டாக்டரைக் கூப்பிடவா?"

"இதுக்கெல்லாம் டாக்டரா? மூணு நாள் படுத்தாச் சரியாயிடும்."

"மூணு நாளா? சரியா எண்ணிச் சொல்றீங்களே."

"ஒரு கணக்குக்குச் சொன்னேன். நீ போயிட்டு வா."

"தனியாவா?"

"ஆமா. ரூமுக்கெல்லாம் சொல்லியாச்சு. ரெண்டு பேரும் போகாம இருந்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

லாட்ஜ்காரன் என்ன நினைப்பான் என்று கவலைப்பட்ட ஒரே மனுஷன் உலகத்திலேயே இவர்தான். இருந்தாலும் நானும் ஒத்து ஊதினேன். "போங்கக்கா. அண்ணனை நான் பார்த்துக்கறேன். டீ, பிரட்டு, முட்டை, எல்லாம் நேரத்துக்கு வந்துடும். தைலம்கூட வாங்கித் தரேன்."

அக்கா ஆணியில் தொங்கிய பையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பெட்டியைத் தூக்கினாள். "சரி, வரேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். அக்கா ஜன்னல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலியான பக்கத்து சீட்டில் பெட்டியை ஆள் மாதிரி உட்கார வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நான் டீயும் அவித்த முட்டையும் கொண்டுபோனபோது அண்ணனின் போன் அடித்தது. படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, பெட்டியில இருக்கறது யாருது?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை அக்கா கேட்கிறாள்.

"யாருதுன்னா? உன்னுதுதான்."

"என்னுது இல்ல. வெள்ளைச் சட்டை ஆறு. கறுப்புக் கோட்டு ஒண்ணு, பேன்ட்டு ஒண்ணு."

"மார்க் பாரு!"

"மார்க் இல்லைங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "மடிப்பு சார்!" என்று கத்திவிட்டேன்.

மடிப்பு சார் என்பது நாங்கள் வைத்த பேர். பேங்க்கில் அதிகாரி. சட்டைக் கைக்கு ரெண்டு மடிப்பு விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் தெருவிலேயே அவர் ஒருவர்தான் மார்க் போடக் கூடாது என்று சொன்னவர். 'என் துணியில ஒரு பொட்டு நூல் இருக்கக் கூடாது. நான் என்ன ஆட்டு மந்தையா, அடையாளம் வைக்க?' என்று கடை வாசலில் நின்று பேசியதை நான் என் காதால் கேட்டேன். ஆக, புதன்கிழமை மேஜையில் மார்க் இல்லாத மூட்டை ரெண்டு இருந்திருக்கிறது. ஒன்று பெட்டிக்குள் போக வேண்டியது, ஒன்று பேங்க் வீட்டுக்குப் போக வேண்டியது. அண்ணன் ரெண்டையும் மாற்றிவிட்டார்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவருக்கு ரிடயர்மென்ட் பார்ட்டி" என்றார் அண்ணன். குரல் தேய்ந்துவிட்டது. "அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறணும்னு மூணு தடவை சொல்லியிருக்கார். நம்ம கடையில இதுவரைக்கும் ஒரு கைக்குட்டை தொலைஞ்சதில்ல. நீ ஒண்ணு பண்ணு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடு."

அந்தப் பக்கம் தூரத்தில் இரைச்சல் மாதிரி ஒன்று கேட்டது.

"கேக்குதா?" என்றாள் அக்கா.

"என்னது?"

"கடல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். இன்னும் போய்ப் பார்க்கல. பெட்டியைத் திறந்து முகம் துடைக்கத் துண்டு எடுக்கலாம்னு பார்த்தேன்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நீ வா."

"கோட்டு வரும்" என்றாள் அக்கா. "நான் வரமாட்டேன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அண்ணன் வாயைத் திறந்தபடி கிடந்தார். முட்டையைக்கூட மறந்துவிட்டார். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. படுத்த நோயாளி முன்னால் மரியாதையாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மடிப்பு சார் வந்தார். கையில் பிரித்த மூட்டை. அதிலிருந்து அக்காவின் பூப்போட்ட கவுன் எட்டிப் பார்த்தது. மூஞ்சி கடுகடு என்றிருந்தது.

"இது என்னய்யா?"

"சார், மன்னிக்கணும். மாறிப் போச்சு."

"மாறிப் போச்சா? என் வீட்டம்மா இதைப் பிரிச்சாங்கய்யா! பூப்போட்டது ரெண்டு, மஞ்சள் ஒண்ணு, ஜிகினா வச்சது ஒண்ணு. ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டில் மேல பரப்பி வச்சுட்டு, இது எந்தச் சிறுக்கியோடதுன்னு கேட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்னை ஆடிட்காரன்கூட அப்படிக் கேட்டதில்ல!"

சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மார்க் போட்டிருந்தா மாறியிருக்காது சார்" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ ஜெராக்ஸைப் பாரு."

"சார், கோட்டு நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ல வந்துடும்" என்றார் அண்ணன் தரையிலிருந்து. "டிரைவர்கிட்ட கொடுத்து விடறதாச் சொல்லியிருக்கா. அதைத் தேய்ச்சு..." அத்தோடு நின்றுவிட்டார். யார் தேய்ப்பது? ஆள் மல்லாந்து கிடக்கிறாரே!

"எதிர்த்தெரு கடையில கொடுத்துடலாமே" என்றேன்.

"அவன்கிட்டயா? கோட்டைப் பலகை மாதிரி ஆக்கிடுவான். என் உயிர் இருக்கற வரைக்கும் நடக்காது."

"என்னய்யா பெரிய வித்தை? நானே தேய்ச்சுக்கறேன்" என்றார் மடிப்பு சார். "நாளைக்கு ஏழரைக்கு வரேன்." அந்தப் பேச்சை அவர் ஜென்மத்துக்கும் மறக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் போன் பேச்சு கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. பலகைச் சுவர், என்ன செய்ய?

"கோட்டைக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். அதோட பேன்ட்டு, சட்டை அஞ்சும் வச்சுக் கட்டியிருக்கேன்."

"ஆறு ஆச்சே?"

"ஒண்ணு நான் போட்டிருக்கேன்."

தொம் என்று ஒரு சத்தம். போனைக் கீழே போட்டுவிட்டார் போல. அவர்கள் தொழிலில் அதுதான் பெரிய பாவம். வாடிக்கைக்காரர் துணியை உடம்பில் போடுவது. அதற்குப் பேசாமல் கடையையே கொளுத்திவிடலாம்.

"என்ன காரியம் பண்ணிட்ட! அவர் சட்டையையா?"

"வேற என்னத்தப் போடறது? நான் உடுத்திட்டு வந்தது அலையில நனைஞ்சு போச்சு. நல்ல சட்டைங்க. முழங்கால் வரைக்கும் வருது. கஞ்சி போட்டு நீங்க தேய்ச்சதுதானே, நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க."

"அடிப்பாவி."

"பயப்படாதீங்க. அலசிக் காயவச்சு நானே கொண்டாந்துடறேன்."

அப்புறம் அண்ணன், பதினோரு வருஷத்தில் நான் கேட்டறியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"கடல் எப்படி இருக்கு?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். முதல் அலை வந்தபோது தன்னையறியாமல் குனிந்து, எதையோ அலசுகிற மாதிரி ரெண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டாளாம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, 'ஏதாவது விழுந்துடுச்சா?' என்று கேட்டாளாம். 'இல்லம்மா, பழக்கதோஷம்' என்றாளாம். அதற்கு அண்ணன் சிரித்தார். லாட்ஜ் தலையணை உறையில் தையல் பிரிந்திருப்பது, காலடியில் மணல் நழுவுவது, தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது சர்வர் ரெண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனது, எல்லாம் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. அரை மணி நேரம் பேசினார்கள். நான் ஷட்டரை இறக்கவே மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஏழேகாலுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்சலை வாங்கி வந்தேன். பிரித்தால், ஐயோ, கோட்டு கசக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. பேன்ட்டும் சட்டை அஞ்சும் கூட இருந்தன. மடிப்பு சார் ஏழரைக்கு டாண் என்று வந்து முதலில் சட்டையை எண்ணினார்.

"ஆறாச்சே?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். "ஒண்ணு... இன்னும் காயல சார்."

பாயை மேஜைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டேன். அண்ணனுக்கு மேலே நடப்பது தெரியாது. மடிப்பு சாரின் கால்தான் தெரியும். காதையும் மூக்கையும் வைத்துக்கொண்டு வேலை வாங்கினார்.

"சார், முதல்ல ஈரத்துணி. கோட்டு மேல நேரா வைக்கக் கூடாது."

"தெரியும்யா."

"பிழிஞ்சு போடுங்க. சொட்டற சத்தம் கேக்குது."

"சரிய்யா."

"இப்ப பெட்டியை வைங்க. இழுக்காதீங்க! வச்சு, எடுத்து, வச்சு, எடுத்து. இழுக்கற சத்தம் கேக்குது சார்."

"நீ என்ன கண்ணைக் காதுல வச்சிருக்கியா?"

"சத்தம் 'உஸ்'ஸுன்னு வரணும். உங்களுக்கு 'சொர்'ருன்னு வருது. சூடு பத்தல."

மடிப்பு சாருக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். கோட்டின் ஒரு கையில் மூன்று மடிப்பு விழுந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன்: "ஒண்ணு, ரெண்டு, மூணு."

"சும்மா இருக்கியா?"

"நீங்க எங்க அண்ணனுக்கு எண்ணினதுதான் சார்."

அவர் பெட்டியை மறுபடி தூக்கினார். கொஞ்சம் கழித்துத் தனக்குள்ளே சொல்வது மாதிரி, "இந்தக் கனத்தையா நாள் பூரா தூக்கறார்?" என்றார்.

எட்டே முக்காலுக்கு ஒரு வழியாகக் காலர் மடிப்புக்கு வந்து சேர்ந்தோம். அதுதான் உயிர் நாடி என்றார் அண்ணன். மடிப்பு சார் பெட்டியை வைத்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வீட்டம்மா.

"ஆமாம்மா, சலவைக் கடையிலதான் இருக்கேன். சத்தியமா! வேணும்னா இவங்ககிட்ட பேசு..." போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கி, ஆமாம்மா, இங்கேதான் இருக்கார், அந்த உடுப்பெல்லாம் எங்க அக்காவோடது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியை ரெண்டு பேருமே மறந்துவிட்டோம்.

கீழே அண்ணனின் மூக்கு ஒரு தடவை விடைத்தது.

"கோட்டு!"

நான் பார்த்தது இதுதான். பாயிலிருந்து ஒரு மனுஷன் ஒரே தாவாகத் தாவி எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கூட வரவில்லை, மேஜை மேலேயே பாதி படுத்துப் பெட்டியைப் பிடுங்கினார். அடியிலிருந்த துணியை உருவி எறிந்து, வாயில் தண்ணீர் வைத்துப் பூ மாதிரி ஊதி, காலரைத் திருப்பி நாலு தட்டு தட்டினார். அந்த ஈரத்துணிதான் சூட்டில் பழுத்திருந்தது. கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வேகத்தில் பெட்டியை எடுத்துக் காலர், கை, முதுகு என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துக் கோட்டைத் தொங்கவிட்டார். அதற்கப்புறம்தான் தான் நின்றுகொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

"உன் முதுகு..." என்றார் மடிப்பு சார்.

அண்ணன் மெதுவாக இடுப்பில் கையை வைத்து, "ஆ" என்றார்.

மடிப்பு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கிவிட்டது. "எனக்காகவா? இந்த வலியோடயா?" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு மணிக்கு மேடையில் பேசியபோதும், முதுகு முறிந்து கிடந்தும் தன் கோட்டுக்காக எழுந்து நின்ற ஒரு உழைப்பாளியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாராம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

அவர் போனதும் நான் கதவைச் சாத்தினேன்.

"ரெண்டு நாள் தைலம் வாங்கிக் கொடுத்தவ நான். முட்டை உரிச்சு வாயில ஊட்டாத குறை."

"கோவிச்சுக்காதம்மா."

"கோவிச்சுக்காம? ஏன் அண்ணே இப்படிப் பண்ணினீங்க? அக்கா எவ்வளவு ஆசையா இருந்தாங்க!"

அண்ணன் பாயைச் சுருட்டினார். சுருட்டி முடித்து, மறுபடி விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"எனக்கும் அவளுக்கும் நடுவுல எப்பவும் துணி இருக்கும்மா" என்றார். "இது யாருது, அது யாருது, கஞ்சியா, நீலமா. நாள் போயிடும். அங்க துணி கிடையாது. ஒரு ரூம்ல நாலு நாள் உக்காந்து என்னத்தப் பேசறது? நான் பேசத் தெரியாதவன்னு அவளுக்குத் தெரிஞ்சு போயிடுமே. அந்தப் பயம்தான்."

எனக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அதற்காக விட்டுவிடுவேனா? "நேத்து அரை மணி நேரம் பேசினது யாரு?" என்றேன்.

"அது போன். முகம் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து இறங்கினாள். முகம் கறுத்து, மூக்கு உரிந்து, நன்றாக இருந்தாள். மடிப்பு சாரின் ஆறாவது சட்டை துவைத்து மடித்துக் கையில் இருந்தது. அண்ணன் பின்கட்டில் டீ போடுவதாக ஒளிந்துகொண்டார். எனக்கு வயிறு வெடித்துவிடும் போல இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"முதுகா?"

"தெரியுமா?"

"புதன்கிழமை சாயங்காலமே அவர் பையைத் தூக்கிப் பார்த்தேன்டி. காலி. ஒரு கைக்குட்டைகூட இல்ல. வரமாட்டார்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. காலையில என்ன சாக்கு சொல்லப் போறார்னுதான் தெரியாது."

"தெரிஞ்சுமா தனியாப் போனீங்க?"

"அவரு வரலைன்னா கடல் வத்திப் போயிடுமா?" என்றாள் அக்கா. அப்புறம், "முதல் நாள் அழுதேன். ரெண்டாவது நாள் மறந்துட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை மடிப்பு சார் வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மார்க்... சின்னதாப் போட்டுக்கலாம்" என்றார். ஆறாவது சட்டையை மோந்து பார்த்து, இதில் ஏதோ உப்பு வாசனை வருகிறதே என்றார். புது சோப்பு சார் என்றாள் அக்கா.

அவர் போன பிறகு அக்கா முக்காலியில் உட்கார்ந்து, திரும்பி வந்த பூப்போட்ட கவுனை மடியில் போட்டுக் கழுத்துக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் தைத்தாள். ஏறி இறங்கி ஏறும் ஒரு கோடு. நான் அந்த மாதிரி மார்க் அந்தக் கடையில் பார்த்ததே இல்லை.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "இது யாருது?"

"என்னுது."

"வீட்டுத் துணிக்கு எதுக்கு மார்க்?"

"அடுத்த தடவை மாறிப் போகக் கூடாதில்ல."

"அடுத்த தடவையா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "வருஷத்துக்கு ஒரு தடவை போகலாம்னு இருக்கேன். நீங்க வர்றதா இருந்தா சொல்லுங்க, உங்களுதுக்கும் போடறேன்."

அண்ணன் உள்ளே போனார். பெட்டியைத் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். தன்னிடம் இருக்கிற சட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தார். ஒரு பத்து இருக்கும். முக்காலிக்கு முன்னால் நன்றாகக் குனிந்து அக்கா மடியில் வைத்தார்.

"குனியறப்ப வலிக்கலையா?" என்றாள் அக்கா.

"வலிச்சாலும் வரேன்" என்றார் அண்ணன்.